திருப்பி அனுப்ப மாட்டோம்

ஈயச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்த எண்பத்தாறாம் வருஷம், மலேசியாவின் ஈப்போ நகரத்தில் கையில் நாலு காசு வைத்திருந்தவர்களெல்லாம் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பாஸ்கல் மட்டும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அங்கே புந்தோங் பகுதியில் அவருக்கு ஒரு கடை இருந்தது. அங்கே போட்டோஸ்டேட் எடுக்கலாம், பேனா வாங்கலாம், ஒன்றும் வாங்காமல் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து பத்திரிகை படித்துவிட்டும் போகலாம். மெட்ராஸ் போய் வந்த சகலை ஒருவர், ஜாதகம் கணிக்கும் வட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். வட்டைச் செருகி, ஆணுக்கும் பெண்ணுக்கும் பெயரும் பிறந்த தேதியும் தட்டினால் போதும். பச்சை எழுத்துகள் ஓடும், அச்சு எந்திரம் அலறும், பத்துப் பொருத்தமும் தாளில் வந்து விழும். பாஸ்கல் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "ஜாதகம் நம்ம வேதத்துல இல்ல. அதனால அதுல வர்ற பாவமும் நமக்கு இல்ல லா" என்பது அவர் போட்ட கணக்கு.

பாவம் இருந்ததோ இல்லையோ, வியாபாரம் இல்லை. கம்ப்யூட்டர் துணி போர்த்தியபடி மூலையில் கிடந்தது. அதற்கு வைத்த குளிர்சாதனம்தான் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

கடையில் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை பார்த்தவள் இருளாயி. சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அப்பா இறந்த பிறகு அம்மாவோடு ஈப்போவுக்கு வந்தவள். ஐந்தாம் படிவம், அதாவது பள்ளி இறுதி வரை படித்தவள், இருபத்தைந்து வயது. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு குளிர்சாதனம் போட்ட கடையில் உட்கார்ந்திருப்பதா என்று பாஸ்கலுக்கே ஒரு சங்கடம். ஆள் முன்னால் "ஐரீன்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவள் திரும்பவே இல்லை. அத்தோடு விட்டுவிட்டார்.

நோட்டீஸ் எழுதும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. முதல் நோட்டீஸை அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். அதிநவீனம், அமெரிக்கத் தொழில்நுட்பம், இத்தனை கிலோபைட் நினைவாற்றல், நொடியில் இத்தனை கணக்கு என்று எந்திரத்தின் பெருமை ஒரு பக்கம் நிறைய வந்தது. ஆயிரம் தாள் அடித்துப் பேருந்து நிலையத்தில் கொடுத்தார்கள். ஒரே ஒருவர் தாளோடு வந்தார். அதன் பின்பக்கம் வெற்றாக இருக்கிறதே, அதில் அடையாளக் கார்டை நகல் எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார்.

"நீயே எழுது," என்று பாஸ்கல் கையை விரித்துவிட்டார். "நான் சொல்லி யாரு கேட்டா?"

இருளாயி இரண்டு நாள் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்திரத்தைப் பற்றி எழுத அவளுக்கு ஒன்றும் இல்லை. எந்திரத்திடம் வரப்போகிறவர் யார் என்று யோசித்தாள். யோசித்தவுடன் அம்மா வந்து நின்றாள்.

அம்மா கருப்பம்மாள், பெரிய ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புத் துவைக்கிற வேலை பார்ப்பவள். போன வருஷம் மகளின் சூராட்டை, அதாவது பிறப்புப் பத்திரத்தை, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு டவுனில் பெயர்பெற்ற ஜோசியர் ஒருவர் வீட்டுக்குப் போனாள். பிறந்த நேரம் என்ன என்று அவர் கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை. நேரம் தெரியாமல் ஜாதகம் எழுதினால் எனக்குத்தான் பாவம், போயிட்டு வாங்க என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தோட்டத்தில் பிள்ளை பெற்ற எந்தத் தாய்க்கு நேரம் தெரியும்? நேரத்தை விடுங்கள், தேதியே கோளாறு. தோட்டத்துக் கணக்கர், கிராணி, எப்போது டவுனுக்குப் போகிறாரோ அப்போதுதான் போலீஸ் நிலையத்தில் பதிவு. லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அந்த மாதம் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே நாளைக் கொடுத்துவிட்டு, அவர் பாட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

அந்தச் செருப்புக் காலை நினைத்துக்கொண்டே இருளாயி எழுதினாள்.

"அம்மா, மகள் பிறந்த நேரம் கேட்டு உங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்களா?" இதுதான் தலைப்பு. பெரிய எழுத்தில் தாளின் கால்வாசியை அடைத்துக்கொண்டு நின்றது.

கீழே எழுதினாள். "அந்த நேரத்தில் நீங்கள் கடிகாரம் பார்க்கும் நிலையில் இல்லை. லயத்து வீட்டில் கடிகாரமும் இல்லை. அது உங்கள் குற்றமா? சூராட்டில் உள்ள தேதியைக் கொண்டுவாருங்கள், போதும். அந்தத் தேதியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. பள்ளிக்கூடம் ஏற்றுக்கொண்டது. எங்கள் கம்ப்யூட்டரும் ஏற்றுக்கொள்ளும்."

அம்மா அடுத்து என்ன கேட்பாள்? மிஷின் சொல்வதை எப்படி நம்புவது என்பாள். அதற்கும் எழுதினாள். "மிஷினுக்கு நீங்கள் என்ன சாதி என்று தெரியாது. உங்கள் வீடு லயமா பங்களாவா என்று தெரியாது. உங்கள் சேலையைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது." அப்புறம் அம்மா பயந்து பயந்து கேட்பாள், குறை இருந்தால் என்ன செய்வது என்று. "குறை இருந்தாலும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம். நிவர்த்தி சொல்லித்தான் அனுப்புவோம்." கடைசியாக, அம்மா எதையும் தள்ளிப்போடுகிறவள். ஆகவே, "ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். ஆடிக்குள் வருபவர்களுக்கே ஆவணிக்குள் கணித்துத் தர முடியும்."

கணிக்க மூன்று நிமிஷம் ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். எழுதும்போது அது உறுத்தவும் இல்லை. சரியான சொல் சரியான இடத்தில் உட்காரும்போது ஒரு குஷி வரும் பாருங்கள், அந்தக் குஷியில் இருந்தாள்.

பாஸ்கல் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னா தங்கச்சி, எனக்கே என் மகளுக்குப் பாக்கணும் போல இருக்கே."

தாள் போன இடத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து, சித்தியவானிலிருந்து, பேருந்து ஏறி, சூராட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு அம்மாமார்கள் வந்தார்கள். கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் பெஞ்சு போட வேண்டியதாயிற்று. எந்திரம் ஆங்கிலத்தில் அடித்துத் துப்புவதை இருளாயி தமிழில் குண்டு குண்டான எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். ஜாதகம் என்று ஒன்று தங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுதப்பட்டதைக் கையில் வாங்கும்போது, சிலர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

எல்லாரையும்விடப் பெருமை கருப்பம்மாளுக்கு. மகள் கடையில் வந்த தாள் என்று ஒரு கட்டை எடுத்துப்போய், பழைய தோட்டத்தில் வீடு வீடாகக் கொடுத்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தும் காட்டினாள். ஆனால் அதை எழுதியது மகள்தான் என்பது அவளுக்குத் தெரியாது. மெட்ராஸில் யாரோ பெரிய ஆள் எழுதியிருப்பார் என்று நினைத்தாள். இருளாயியும் சொல்லவில்லை. அம்மா கொண்டுவந்து சேர்த்தவர்களில் ஒருத்தி, பழைய பக்கத்து வீட்டுக் காளியம்மா. அவள் மகள் முத்தம்மாவுக்குச் சிம்பாங் பூலாய் மாப்பிள்ளை. கல்லுடைக்கும் ஆலையில் வேலை. பத்துக்கு ஒன்பது பொருத்தம் வந்தது. ஆவணியில் கல்யாணமும் முடிந்தது.

அடுத்த முறை அம்மா கடைக்கு வந்தபோது கூட யாரும் இல்லை. இரண்டு சூராட்டை மேசைமேல் வைத்தாள். ஒன்று பத்துமலை என்று ஒரு லாரிக்காரருடையது. மற்றது இருளாயியுடையது.

பத்துமலை முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார். சொந்த லாரி, சித்தியவானில் சொந்த வீடு, நாற்பதைத் தொடும் வயது. கெட்ட மனிதர் இல்லை. பலகாரத்தைக்கூடக் கேட்டுத்தான் எடுத்தார். ஆனால் அவர் தாயார் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் நாலு வருஷமாகப் படுத்திருக்கிறாள். அவர் இருளாயியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார், கையை இரண்டு தடவை பார்த்தார். "எங்கம்மாவ ஒரு நாளைக்கு ஆறு தடவ பொரட்டிப் படுக்க வைக்கணும். ஆளு கொஞ்சம் கனம். ஒங்க மகளுக்குத் தெம்பு இருக்கும்ல?" என்று கேட்டார். கருப்பம்மாள், தோட்டத்துல வாளி தூக்குன கை தம்பி என்றாள். வேலையை விட்டுடணும், வீட்டை விட்டு அசைய நேரம் இருக்காது என்று அவர் வெள்ளையாகவே சொன்னார். அந்த வெள்ளைப் பேச்சுதான் இருளாயியைக் கலக்கிவிட்டது. சித்தியவானில் அந்த வீட்டு அறையும், கட்டிலும், அதன் பக்கத்தில் தானும் இருபது வருஷம் இருப்பது அப்படியே கண்முன் தெரிந்தது.

"எனக்கு வேணாம்மா," என்று அன்றே சொல்லியிருந்தாள்.

"ஒனக்கு வேணுமா வேணாமான்னு கம்ப்யூட்டரு சொல்லட்டும்," என்றாள் அம்மா இப்போது, பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு.

சரி, நல்லதாகப் போயிற்று என்று இருளாயி நினைத்தாள். தட்டுவது நான், பார்த்துக்கொள்ளலாம். இரண்டு தேதியையும் அடித்தாள். எட்டுப் பொருத்தம் என்று திரையில் வந்தது. தன் தேதியை ஒரு வாரம் தள்ளி அடித்தாள். ஏழு. மாதத்தை மாற்றினாள். ஒன்பது. பத்துமலையின் வருஷத்தை மாற்றி, அவரைத் தன் தாத்தா வயதுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். எட்டு. குளிர்சாதனத்துக்குக் கீழே அவளுக்கு வியர்த்தது.

பாஸ்கலிடம் எழுந்து போனாள். "அண்ணே, இது என்னா தட்டினாலும் பொருந்துதுன்னே சொல்லுது."

"ஆமா. ஆறுக்குக் கீழ போகாது," என்றார் அவர், சில்லறை எண்ணிக்கொண்டே. "பினாங்கிலேருந்து ஆள வரவழைச்சு மாத்திட்டேன்."

"எதுக்குண்ணே மாத்துனீங்க?"

அவர் நிமிர்ந்து, நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "நீதானே எழுதுன, திருப்பி அனுப்ப மாட்டோம்னு? நோட்டீஸு போறதுக்கு முன்னாடி இந்த மிஷினு ரெண்டு, மூணுன்னு துப்பிக்கிட்டு இருந்துச்சு. எழுதிக் குடுத்துட்டு அப்படி அனுப்பலாமா? எழுத்துக்கு ஒரு மரியாத வேணும் லா."

அந்த மனிதரை எதைச் சொல்லித் திட்டுவது? அவள் சொன்ன சொல்லை அவர் காப்பாற்றியிருக்கிறார்.

இருளாயி திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஆங்கிலத் தாள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தமிழில் எழுதுவது தன் கை. "மூன்று பொருத்தம் மட்டுமே உள்ளது" என்று குண்டு எழுத்தில் எழுதி நீட்டினாள். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். முகம் வாடவில்லை. முந்தானையில் முடிந்திருந்த நோட்டீஸை எடுத்துப் பிரித்து, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"குறை இருந்தாலும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம். நிவர்த்தி சொல்லித்தான் அனுப்புவோம்," என்று படித்தாள். "எங்க நிவர்த்தி?"

அம்மாவை எப்படியோ சமாளித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவள் முன்னால் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது என்று முடிவு.

"அம்மா, அந்தச் சூராட்டுத் தேதியே தப்பு. கிராணி வாயில வந்தத எழுதினாரு. அத வச்சு யாரு பாத்தாலும் அது என் ஜாதகம் இல்ல."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் கருப்பம்மாள். "வலி எனக்குத்தானே வந்துச்சு? நீ பொறந்து பதினஞ்சு நாளுக்கு மேலதான் கிராணி போனாரு. ஆனா அந்தத் தேதியதான் அரசாங்கம் ஏத்துக்கிச்சு, பள்ளிக்கூடம் ஏத்துக்கிச்சு. ஒனக்கு ஐசி கார்டு குடுத்தது, வேல குடுத்தது எல்லாம் அந்தத் தேதிதான். கல்யாணத்துக்கு மட்டும் ஆகாதா?"

மகள் எழுதிய வாதம், காற்புள்ளி மாறாமல் மகளிடமே திரும்பி வந்தது. எதைக் கேட்டாலும் அம்மா கையில் பதில் இருந்தது. இருக்காதா பின்னே? அம்மாவின் ஒவ்வொரு சந்தேகத்தையும் தேடித் தேடி அடைத்து வைத்தவள் அவள்தானே. நுழைய ஓர் ஊசிமுனை இடம்கூட விட்டுவைக்கவில்லை.

"அது பூராவும் பொய்ம்மா!" என்று கத்தினாள்.

"பொய்யா? படிக்கிறப்ப என் வயித்துல பூந்து பாத்து எழுதின மாதிரி இருந்துச்சுடி. மெட்ராஸ்ல இருக்கிற ஆளுக்கு எப்படித் தெரியும், நான் நேரம் தெரியாம நின்னது?"

"மெட்ராஸ் ஆளு இல்ல. நான்தான் எழுதினேன். ஒங்கள நெனச்சுத்தான் எழுதினேன். ஜோசியரு வீட்டுலேருந்து வந்து செருப்போட உக்காந்திருந்தீங்களே, அத நெனச்சு."

கருப்பம்மாள் மகளைப் பார்த்தாள். நோட்டீஸைப் பார்த்தாள். அதை மடித்தாள், மறுபடி மடித்தாள், இனி மடிக்க முடியாது என்றானதும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த ஜோசியரு வாசல்ல நான் நின்னத எடுத்து வித்துட்டியா?"

விற்றுத்தான் விட்டாள். ஆயிரம் ஆயிரமாக அச்சடித்து விற்றிருக்கிறாள். அம்மாவின் மானத்தை எடுத்துத் தலைப்பாகப் போட்டு, அதைப் பார்த்து நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷமும் பட்டிருக்கிறாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"வித்தியோ வாங்கினியோ," என்று எழுந்தாள் அம்மா. "ஊரு பூராவும் நான் கொண்டுபோய்க் குடுத்திருக்கேன். பத்துப் பேரு வீட்டுப் பொண்ணு அத நம்பித்தான் வாக்கப்பட்டுப் போயிருக்கு. ஒன் முறை வந்ததும் பொய்னு சொல்லி நீ மட்டும் நழுவப் பாக்கிறியா? அதெல்லாம் ஆகாது. ஞாயித்துக்கெழம சுங்கை சிப்புட்டுக்குப் போறோம். பரிசம் போடுறதுக்கு மொத அழைப்பு காளியம்மாவுக்கு."

கோபத்தில் சொன்னாளா, வீம்பில் சொன்னாளா என்று இருளாயிக்குத் தெரியவில்லை. ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவளை எதிர்த்துப் பேசவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா பின்னாலேயே பேருந்து ஏறினாள். வழியெல்லாம் ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டிருந்தார்கள். சித்தியவானுக்குப் போகிற சாலையும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

காளியம்மா இன்னும் அதே லயத்தில்தான் இருந்தாள். வா வா என்று முன்கட்டில் பாய் விரித்தாள். பின்கட்டில் யாரோ துணி அலசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் முத்தம்மா. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அம்மா வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். இருளாயி அவள் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"எப்ப வந்த?"

"சும்மா, ரெண்டு நாளு இருந்துட்டுப் போலாம்னு வந்தேன் அக்கா." வாளியிலிருந்து கையை எடுத்தபோது முழங்கைக்கு மேலே பழுத்த மஞ்சளாகக் காயம். மற்றக் கையிலும் அதே. முத்தம்மா கையை மறைக்கப் பார்த்து, பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது என்பதுபோல விட்டுவிட்டாள்.

"அவருதானா?"

"குடிச்சா அப்படித்தான். குடிக்காட்டி நல்லவரு." துணியைப் பிழிந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள். "நீங்க கைப்பட எழுதின அந்தத் தாளு டின்னுக்குள்ள வச்சிருக்கேன். அவரு கை நீட்டுறப்பல்லாம் எடுத்துப் பாப்பேன். ஒம்போது பொருந்துதுன்னு போட்டிருக்கே. பொருந்தாத அந்த ஒண்ணு நாந்தான் போலன்னு நெனச்சுக்குவேன். எங்கிட்டதான் ஏதோ கோளாறு."

"அது பொய் முத்தம்மா," என்றாள் இருளாயி. "அந்த மிஷினு யாருக்குப் போட்டாலும் பொருந்துதுன்னுதான் சொல்லும். ஆறுக்குக் கீழ வராம அமைச்சு வச்சிருக்கு. ஒனக்கு ஒம்போது வந்ததுக்கு அர்த்தமே கெடையாது. ஒன் மேல ஒரு கோளாறும் இல்ல."

முத்தம்மா பிழிந்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "நெசமாவா?" என்று கேட்டாள். "எங்கிட்ட இல்லயா?" அப்படிக் கேட்டபோது அவள் முகம் ஒரு கணம் கல்யாணத்துக்கு முந்தின முகமாக இருந்தது. அப்புறம் வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள்.

அழுகைச் சத்தம் கேட்டுக் காளியம்மா தேநீர்க் குவளையோடு வந்தாள். பின்னாலேயே கருப்பம்மாளும் வந்தாள்.

"இப்படித்தான் தொட்டதுக்கெல்லாம் அழுவா," என்றாள் காளியம்மா சலிப்போடு. "பத்துக்கு ஒம்போது பொருத்தம். அப்படி ஒரு மாப்பிள்ள யாருக்குக் கெடைக்கும்? வாழத் தெரியல இவளுக்கு. நாளைக்கே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்."

"பொருத்தமே பொய்யாம்மா," என்றாள் முத்தம்மா அழுகையினூடே. "அக்காவே சொல்றாங்க."

காளியம்மா இருளாயியைப் பார்க்கவில்லை. கருப்பம்மாளைத்தான் பார்த்தாள். "நீதானே கொண்டாந்து குடுத்த?" என்று கேட்டாள். "என் வாசல்ல உக்காந்து நீதானே படிச்ச? நீ பொய்யவா கொண்டாந்து குடுப்ப?"

கருப்பம்மாள் முத்தம்மாவின் கைகளைப் பார்த்தாள், அந்த மஞ்சளைப் பார்த்தாள். அழைக்க வந்த விஷயத்தை அவள் எடுக்கவே இல்லை. தேநீர் அப்படியே ஆறிப்போயிற்று.

பேருந்தில் வந்து ஈப்போவில் இறங்கி, கூட்டம் விலகட்டும் என்று நின்றபோதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "பத்துமலை தம்பிக்கு ஆளு விட்டுச் சொல்லிடுறேன். வேணாம்னு."

இந்த ஒரு வார்த்தைக்காக இருளாயி வாரம் முழுக்கத் தவித்திருந்தாள். கேட்டதும் துள்ள வேண்டும் போலத்தானே இருக்க வேண்டும்? துள்ளல் வரவில்லை. "முத்தம்மா?" என்று கேட்டாள்.

"அவளுக்குத்தான் தாலி ஏறிடுச்சே," என்றாள் அம்மா. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். அடுத்த வாரம் சிம்பாங் பூலாயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வாடகை வண்டியில் போய் முத்தம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை இருளாயி கடைக்குப் போனபோது, அச்சகத்திலிருந்து புதுக் கட்டுகள் வந்து இறங்கியிருந்தன. இந்தத் தடவை மூன்று மடங்கு. சுங்கைப்பட்டாணி வரைக்கும் அனுப்பப்போவதாகப் பாஸ்கல் சந்தோஷமாகச் சொன்னார்.

"நிறுத்துங்கண்ணே. அது பொய். ஒரு பொண்ணு அத நம்பி அடி வாங்கிக்கிட்டு இருக்கா."

அவள் சொன்னதையெல்லாம் அவர் குறுக்கிடாமல் கேட்டார். முத்தம்மாவுக்காக உண்மையாகவே 'ச்சு' கொட்டினார், சிலுவைக் குறியும் போட்டுக்கொண்டார். பிறகு, "அதுக்குக் கம்ப்யூட்டரு என்னா பண்ணும் தங்கச்சி? குடிகாரன் அடிக்கிறான்," என்றார்.

"நிறுத்தாட்டி நான் வேலைக்கு வரமாட்டேன். இனிமே ஒரு வரி எழுத மாட்டேன்."

"ஐயோ, போயிடாத," என்றார் பதறி. மனம் நொந்துதான் சொன்னார். ஆனாலும் வியாபாரி. கட்டிலிருந்து ஒரு தாளை உருவிப் பார்த்துவிட்டு, அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார். "இனிமே எழுத என்னா இருக்கு? எல்லாத்தையும்தான் எழுதிட்டியே. தட்டுறதுக்கு வேற புள்ள கெடைக்கும். நீ கொஞ்ச நாளு ஓய்வா இரு."

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கடை திறந்து அரைமணி ஆகவில்லை, அதற்குள் பெஞ்சு நிறைந்துவிட்டது. ஓரத்தில் ஒரு நடுத்தர வயது அம்மா, காலில் செம்பனைக் காட்டுச் செம்மண் இன்னும் போகாமல், நோட்டீஸை மூக்குக்கு நேரே பிடித்து உதட்டசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிவதை அவள் துடைக்கவும் இல்லை.

இருளாயி அவள் முன்னால் குந்தினாள். "அக்கா, அத நம்பாதீங்க. வீட்டுக்குப் போங்க. அதுல இருக்கிறது எல்லாம் பொய்."

அந்த அம்மா தாளை இறக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படவில்லை. தெரியாமல் பேசுகிற பிள்ளையிடம் பேசுவதுபோலவே பேசினாள்.

"நீ இன்னும் கல்யாணம் ஆகாதவ, ஒனக்கு இது புரியாது. இத எழுதினவங்களுக்கு ஒரு தாயோட கஷ்டம் தெரிஞ்சிருக்கு. நகரு தாயி, என் முறை வந்துருச்சு."

இருளாயி நகர்ந்து வழி விட்டாள்.